தனக்கென்று கட்டிய வீடு ஒழுகினால் யார் பொறுப்பு?

பாரிஸுக்கு மேற்கே புவாஸி என்ற ஊரில் 1931இல் கட்டி முடிந்த சவோய் இல்லம், உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் பாடமாகப் படிக்கிற வீடு. மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் வெள்ளைக் கட்டடம், சுவரின் நீளத்துக்கு ஓடும் ஜன்னல்கள், மொட்டைமாடியில் தோட்டம். வடிவமைத்தவர் லெ கொர்பூசியே. ஆனால் அதைத் தன் குடும்பத்துக்காகக் கட்டச் சொன்ன யூஜெனி சவோய் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. கூடத்தில் மழை பெய்கிறது, மேலே ஏறும் சாய்தளத்தில் மழை பெய்கிறது, கார் நிறுத்தும் இடத்தின் சுவர் ஊறிப்போய்விட்டது, கூரைச் சாளரம் வழியாகக் குளியலறைக்குள் தண்ணீர் வருகிறது என்று 1936இல் எழுதினார். அடுத்த ஆண்டுக் கடிதத்தில் பொறுமை போய்விட்டது. இந்த வீடு குடியிருக்க லாயக்கற்றது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். பத்தாண்டுப் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. செலவை நான் ஏற்க முடியாது. உடனே சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். வழக்கு வருவதற்குள் போர் வந்துவிட்டது. 1940இல் குடும்பம் வெளியேறியது. 1965இல் பிரெஞ்சு அரசு அந்த வீட்டை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அந்த அம்மையார் அவ்வளவு உறுதியாக எழுத முடிந்ததற்குக் காரணம், நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு இருந்ததுதான். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. சொந்த மனையில், தன் விருப்பப்படி, ஆள் வைத்து வீடு கட்டுகிறவருக்கு அந்த வீடு பழுதானால் சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்று பல நாட்டுத் தீர்ப்புகளைப் புரட்டினால் கிடைக்கும் பதில் வருத்தம் தருகிறது. கட்டி முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பை வாங்குகிறவரைக் காக்க எத்தனையோ சட்டங்கள் வந்துவிட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தானே கட்டிக்கொள்கிறவர் பெரும்பாலும் பழைய ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கட்டிய வீட்டை வாங்குகிறவர் வெறும் வாடிக்கையாளர். கட்டிக்கொள்கிறவரோ வரைபடத்தைப் பார்த்துத் தலையசைத்தவர், நடுவில் அறையைப் பெரிதாக்கச் சொன்னவர், சில இடங்களில் சிமென்ட்டையும் கம்பியையும் தானே வாங்கிக் கொடுத்தவர். வழக்கு என்று வந்தால் அவர் செய்த ஒவ்வொரு முடிவும் அவருக்கு எதிராக எடுத்துவைக்கப்படும்.

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்துப் பிளேனோ ஊருக்கருகே, ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் இதற்குத் தெளிவான சாட்சி. டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் சிகாகோவில் பெயர்பெற்ற மருத்துவர். 1945இல் ஒரு விருந்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைச் சந்தித்தார். வார இறுதிக்கு ஒரு சிறு வீடு கட்டித்தரக் கேட்டார். எட்டு இரும்புத் தூண்கள், தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் உயர்த்திய தளம், நான்கு பக்கமும் தரை முதல் கூரை வரை ஒற்றைக் கண்ணாடி. கட்டி முடிவதற்குள் நட்பு கசந்தது. தொடக்கத்தில் பேசிய தொகை ஏறிக்கொண்டே போய் 70,000 டாலரைத் தாண்டியது. இருவருக்கும் இடையே கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. வடிவமைப்புக்கான கட்டணம் எவ்வளவு என்றுகூட எழுதிவைக்கவில்லை.

1951இல் முதலில் நீதிமன்றம் போனவர் மீஸ். பாக்கித் தொகை சுமார் 28,000 டாலர் வேண்டும் என்றார். தன்னிடம் அளவுக்கு மீறி வாங்கிவிட்டதாகவும், வீடு திறமையின்றிக் கட்டப்பட்டதாகவும் டாக்டர் எதிர்வழக்குப் போட்டார். யார்க்வில் என்ற சிற்றூர் நீதிமன்றத்தில் 1952இல் வாரக்கணக்கில் விசாரணை நடந்தது. கூரை ஒழுகியது, கணப்பு சரியாக எரியவில்லை, குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தது, கோடையில் உள்ளே இருக்க முடியாத வெக்கை. திறக்கக்கூடியவை என்று பார்த்தால் கதவும், படுக்கைப் பக்கத்தில் இரண்டு சிறு சாளரங்களும்தான். இவற்றில் எது கட்டியதில் நேர்ந்த பழுது, எது வடிவத்திலேயே இருந்த குணம்? கூரை ஒழுகுவதைப் பழுது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். கண்ணாடி வீட்டுக்குள் வெயில் சுடுவதைப் பழுது என்று சொன்னால், கண்ணாடி வீட்டின் மாதிரியை 1947இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஊரே பார்த்தபோது நீங்களும் பார்த்தீர்களே என்ற கேள்வி எழும். நீதிமன்றம் நியமித்த விசாரணை அதிகாரி 1953இல் மீஸ் பக்கம் அறிக்கை கொடுத்தார். பின்னர் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 1954இல் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. 1996இலும் 2008இலும் மறுபடி புகுந்தது. 2003இல் 75 லட்சம் டாலருக்கு ஏலம் போன அந்த வீட்டுக்கு 2021இல் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் என்று முழுப்பெயர் சூட்டினார்கள். தன் வீட்டில் நிம்மதியாக வாழ முடியவில்லை என்று சொன்ன ஒரு பெண்ணுக்கு அவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த மரியாதை அது.

வடிவமைப்பு வழக்குகளில் இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. சம்மதித்த வடிவம் துன்பம் தந்தால், அந்தத் துன்பத்துக்கும் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. வரைபடத்தைப் பார்த்து வெக்கையை உணரும் பயிற்சி வீட்டுக்காரருக்குக் கிடையாது. அதற்காகத்தான் அவர் நிபுணரை அமர்த்தினார் என்ற நியாயம் எடுபட வேண்டுமானால், நிபுணர் எச்சரித்தாரா இல்லையா என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

சொன்னதை விட்டு வேறொன்றைக் கட்டிய வழக்குகள் இன்னொரு வகை. இங்கே குற்றம் யாருடையது என்பதில் பெரும்பாலும் சந்தேகம் இருக்காது. ஈடு எவ்வளவு என்பதில்தான் நீதிபதிகள் பிரிந்து நிற்கிறார்கள். நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1921இல் தீர்த்த ஜேக்கப் அண்ட் யங்ஸ் எதிர் கென்ட் வழக்கை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்காதவர் இல்லை. 77,000 டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய மாளிகை. தண்ணீர்க் குழாய்கள் ரீடிங் தயாரிப்பாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 1914 ஜூனில் குடிபுகுந்த உரிமையாளர், 1915 மார்ச்சில்தான் பல இடங்களில் வேறு நிறுவனக் குழாய் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குள் குழாய்களில் பெரும்பகுதி சுவருக்குள் மூடப்பட்டுவிட்டது. உடைத்து மாற்றாவிட்டால் பாக்கி 3,483 டாலரைத் தரமாட்டேன் என்றார்.

நீதிபதி கார்டோசோ எழுதிய தீர்ப்பு கட்டுநர் பக்கம் நின்றது. போட்ட குழாயும் தரத்தில் குறைந்ததல்ல. வேண்டுமென்று செய்த ஏமாற்றும் அல்ல. ஆகவே மாற்றும் செலவைக் கேட்க முடியாது, வீட்டின் மதிப்பில் ஏற்பட்ட வித்தியாசத்தைத்தான் கேட்கலாம், அந்த வித்தியாசமோ ஒன்றுமில்லாதது அல்லது பெயரளவே என்பது வாதம். நான்கு பேர் ஒருபுறம், மூன்று பேர் மறுபுறம். மாறுபட்டவர்கள் சொன்னது எளிமையானது: இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட குழாயில் ஆயிரம் அடிக்கு மேல் ஒப்பந்தப்படி போடவில்லை, உரிமையாளர் கேட்டது ரீடிங் குழாய், அதற்குத்தான் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டார், ஏன் கேட்டார் என்று கட்டுநர் கேட்கத் தேவையில்லை. தனக்கென்று வீடு கட்டுகிற யாருடைய மனமும் இந்த மூன்று பேர் பக்கம்தான் சாயும். சந்தை மதிப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் ‘எனக்கு இப்படித்தான் வேண்டும்’ என்று கேட்டதற்கே பொருள் இல்லாமல் போகிறது.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1954இல் பெல்க்ரோவ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில் வேறு பாதை எடுத்தது. அங்கும் வழக்கைத் தொடங்கியவர் பாக்கிப் பணம் கேட்ட கட்டுநர்தான். வீட்டைச் சோதித்துப் பார்த்தால் அஸ்திவாரக் கான்கிரீட்டும் செங்கல் சுவரின் கலவையும் ஒப்பந்தத்தில் சொன்ன விகிதத்துக்கு அருகில்கூட இல்லை. கட்டடமே நிலையற்றுப் போயிருந்தது. மதிப்பு வித்தியாசத்தைக் கொடுத்தால் போதும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் மனையில் ஒப்பந்தப்படியான வீடு நிற்க வேண்டும் என்பதுதான் உரிமையாளரின் உரிமை. இடித்துக் கட்டினால்தான் அது கிடைக்கும் என்றால் இடித்துக் கட்டும் செலவைத் தர வேண்டும் என்றது. ஒரே நிபந்தனை, அந்தப் பணி தேவையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

நியாயமானது எது என்பதற்கு, இங்கிலாந்தின் அப்போதைய உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1995இல் ஓர் எல்லை வகுத்தது. ரக்ஸ்லி எதிர் ஃபோர்சைத் வழக்கில், கென்ட் மாவட்டத்தில் ஒருவர் தன் தோட்டத்தில் 7 அடி 6 அங்குல ஆழத்தில் நீச்சல்குளம் கேட்டார். கட்டியது அதிகபட்சம் 6 அடி 9 அங்குலம். குதிக்கும் இடத்தில் 6 அடிதான். திருத்துவதற்கு உடைத்து மறுபடி கட்ட வேண்டும், செலவு 21,560 பவுண்டு. குளம் குதிக்கப் பாதுகாப்பானதே, சொத்தின் மதிப்பும் குறையவில்லை, அவர் மறுபடி கட்டப்போவதும் இல்லை என்று கண்ட விசாரணை நீதிபதி, கேட்ட இன்பம் கிடைக்காமல் போனதற்காக 2,500 பவுண்டு கொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுச் செலவையும் கொடுத்தது. பிரபுக்கள் சபை 2,500க்கே திரும்பியது. தொகை சிறியதுதான். ஆனாலும் சந்தை மதிப்பு குறையாத இடத்திலும் ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதற்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

குற்றம் வரைந்தவருடையதா, கட்டியவருடையதா என்ற இழுபறி இதைவிடக் கொடியது. 1956இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த லின்ச் எதிர் தார்ன் வழக்கில், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று வரைபடம் சொன்னது. கட்டுநர் அப்படியே, நல்ல கொத்துவேலையோடு கட்டிக்கொடுத்தார். மழை பெய்தபோது சுவர் வழியே தண்ணீர் உள்ளே வந்தது. சொன்னபடி கட்டியவர் மீது குற்றமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1918இல் ஸ்பியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் சொன்னது: உரிமையாளர் கொடுத்த வரைபடத்தை நம்பி வேலை செய்த ஒப்பந்தக்காரர், அந்த வரைபடத்தின் குறைக்குப் பொறுப்பாக மாட்டார். அது கடற்படைத் தளத்துப் பணி பற்றிய வழக்கு. ஆனால் அதன் விதி வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கட்டுநரின் பார்வையில் இது நியாயம்தான். வீட்டுக்காரரின் நிலை என்ன? கட்டுநர் வரைபடத்தைக் காட்டுகிறார். வரைந்தவர் தளத்தில் செய்த மாற்றங்களைக் காட்டுகிறார். இருவருக்கும் நடுவில் ஒழுகுவது இவர் வீடு.

மூன்றாவதாக ஒரு கதவு உண்டு: வரைபடத்துக்கு அனுமதி கொடுத்து, அஸ்திவாரத்தைப் பார்வையிட்ட உள்ளாட்சி அமைப்பு. 1977இல் ஆன்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை அந்தக் கதவைத் திறந்தது. 1990இல் மர்ஃபி எதிர் பிரென்ட்வுட் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி அதை மூடினார்கள். மர்ஃபியின் வீட்டில் கான்கிரீட் அடித்தளம் கீழிறங்கி, சுவர்கள் விரிந்து, எரிவாயுக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் உடைந்தன. 35,000 பவுண்டு நட்டத்தில் விற்றார். உடலுக்கோ வேறு உடைமைக்கோ சேதம் இல்லை, இது வெறும் பண இழப்பு, ஆகவே நகராட்சி பொறுப்பல்ல என்பது முடிவு.

நியூசிலாந்து இதை ஏற்கவில்லை. இன்வர்கார்கில் ஊரில் 1972இல் ஹாம்லின் என்பவருக்காகக் கட்டிய வீட்டின் அஸ்திவாரம் சரியில்லை; நகராட்சி ஆய்வாளர் கவனிக்கவில்லை. கதவுகள் சரியாகச் சாத்த வரவில்லை என்பதில் தொடங்கிய தொல்லைக்கு உண்மையான காரணம் தெரிய 1989 ஆயிற்று. அந்த நாட்டுக்கு அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1996இல், நியூசிலாந்து மக்கள் தங்கள் நகராட்சியின் ஆய்வை நம்பி வீடு கட்டும் வழக்கம் உடையவர்கள், அந்த நாட்டு நீதிமன்றங்கள் இங்கிலாந்து வழியில் போக வேண்டியதில்லை என்றது. அதே ஆண்டுகளில் அங்கே ஒரு பேரிடர் வளர்ந்துகொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் விதிகளைத் தளர்த்தியது. மருந்தேற்றாத பைன் மரச் சட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. இறவாரம் இல்லாத மொட்டைக் கூரையும், பின்னால் காற்று ஓட இடைவெளி இல்லாத பூச்சுச் சுவரும் நாகரிகமாயின. உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லை. மரம் உள்ளுக்குள்ளேயே மக்கியது. 2009இல் வெளியான கணிப்பு, சுமார் 42,000 வீடுகள் பாதிக்கப்பட்டதாகவும், சரிசெய்ய 1,130 கோடி நியூசிலாந்து டாலர் ஆகும் என்றும் சொன்னது. கட்டிய கம்பெனிகள் பல கலைந்து மறைந்துவிட்டன. கடைசிவரை இருந்த இடத்தில் இருந்தவை நகராட்சிகள்தான். ஆகவே ஈட்டின் பெரும்பங்கு வரி செலுத்துகிறவர் தலையில் விழுந்தது.

வெல்வது வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதை நியூசிலாந்து காட்டியது. இந்த இரண்டாவது கேள்விக்கு உருப்படியான விடை கண்ட நாடு பிரான்ஸ்தான் என்று தோன்றுகிறது. சிவில் சட்டம் 1792ஆம் பிரிவின்படி, கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் அல்லது அதைக் குடியிருக்கத் தகாததாக்கும் பழுதுக்கு வடிவமைத்தவரும் பொறியாளரும் கட்டுநரும் பத்தாண்டுக்குப் பொறுப்பு. மண்ணின் குணத்தால் வந்த பழுதும் இதில் அடக்கம். தவறு யாருடையது என்று உரிமையாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. 1978 ஜனவரி 4ஆம் தேதிச் சட்டம், ஸ்பினெட்டா சட்டம் என்று பெயர்பெற்றது, இதன்மேல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கட்டுநர் தன் பொறுப்புக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வேலை தொடங்குமுன் சேதக் காப்பீடு ஒன்று எடுக்க வேண்டும். பழுது தெரிந்ததும் வீட்டுக்காரர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுகிறார். அது 60 நாளில் முடிவு சொல்லி, 90 நாளுக்குள் தொகையை முன்வைக்க வேண்டும். பணம் கொடுத்த நிறுவனம் பிறகு கட்டுநரையும் வடிவமைத்தவரையும் துரத்திக்கொள்ளும். சண்டை நடக்கும், ஆனால் அது ஓட்டையை அடைத்த பிறகு, பணபலம் உள்ளவர்களுக்கிடையே நடக்கும்.

இங்கிலாந்திலும் 1972ஆம் ஆண்டின் பழுதுற்ற குடியிருப்புகள் சட்டம் ஒரு நல்ல வேலை செய்தது. ஒருவர் சொல்லிக் கட்டிய வீடாக இருந்தால், அதில் பங்கெடுத்த ஒவ்வொருவரும் வேலையை முறையாகவும், சரியான பொருள்களாலும், குடியிருக்கத் தக்க வீடு கிடைக்கும்படியும் செய்ய வேண்டும் என்ற கடமையை நேரடியாக அந்த உரிமையாளருக்கே ஆற்ற வேண்டும். வரைந்தவரும் இதற்குள் வருகிறார். வழக்குத் தொடரும் காலம் ஆறு ஆண்டாக இருந்தது. லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்துக்குப் பிறகு வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புதிய கட்டடங்களுக்கு 15 ஆண்டாகவும், பழையவற்றுக்குப் பின்னோக்கி 30 ஆண்டாகவும் நீட்டியது. கலிபோர்னியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. நீர்க்கசிவு, கட்டமைப்பு, மண் என்று வீடு எட்ட வேண்டிய தரங்களை எழுதிவைத்து, வழக்குக்கு முன் கட்டுநருக்குப் பழுதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்புத் தருகிறது. ஆனால் அது தனி வீடாக விற்பதற்கென்று கட்டிய புதுவீடுகளுக்கான சட்டம். சொந்த நிலத்தில் ஒப்பந்தத்துக்குக் கட்டிக்கொண்டவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

இந்தியாவிலும் இதே ஓரவஞ்சனை இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்லும் 2016ஆம் ஆண்டுச் சட்டம், 14(3)ஆம் பிரிவில் அருமையான பாதுகாப்பு தருகிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ பழுது தெரிந்தால், கட்டுநர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு. ஆனால் இது விற்பனைக்குக் கட்டுகிறவர்களுக்கான சட்டம். தன் மனையில் மேஸ்திரியையோ இன்ஜினியரையோ வைத்துக் கட்டுகிறவருக்கும் அவருடைய கான்ட்ராக்டருக்கும் இடையே ரெரா வராது. தமிழ்நாட்டில் தனி வீடுகள் பெரும்பாலும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இடைவெளியின் அகலம் புரியும்.

அவருக்கு மிஞ்சுவது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் சட்டமும். ஒப்பந்தச் சட்டத்தைப் பழையது என்று தள்ள வேண்டியதில்லை. இழப்பீடு பற்றிய 73ஆம் பிரிவுக்குக் கீழே தந்திருக்கும் உதாரணங்களில் இரண்டு வீடுகளைப் பற்றியவை. ஒன்றில், முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தப்படி இல்லாமல் வீட்டைப் பழுதுபார்த்தவர், அதை ஒப்பந்தப்படி ஆக்கும் செலவைத் தர வேண்டும். இன்னொன்றில், கட்டுநர் மோசமாகக் கட்டியதால் வீடு இடிந்து விழுகிறது; மறுபடி கட்டும் செலவோடு, வராமல் போன வாடகையையும் அவர் தர வேண்டும். கார்டோசோவுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு முன்பே, செலவுதான் அளவுகோல் என்று நம் சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வழி திறந்தது லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம். கே. குப்தா வழக்கு. வீடு கட்டிக்கொடுப்பதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரில் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் ‘வீட்டுக் கட்டுமானம்’ என்பதைச் சேவையின் வரையறையிலேயே சேர்த்தது. 2008இல் ஃபகீர் சந்த் குலாத்தி வழக்கில், மனையைக் கொடுத்து அதில் தனக்கு ஒரு பகுதி கட்டித்தரச் சொல்லும் நில உரிமையாளரும் நுகர்வோரே என்று தீர்ப்பாயிற்று. இப்போதுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம். வக்கீல் இல்லாமலும் போகலாம். ஆனால் காலக்கெடு இரண்டே ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், கரிசல் மண்ணில் போட்ட அஸ்திவாரம் இரண்டு மழைக்காலம் உப்பி, இரண்டு கோடை சுருங்கிய பிறகே சுவரில் கோடு காட்டும் என்பதை அந்தக் கெடு கணக்கில் எடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மொட்டைமாடி ஒழுகலை எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் ஹால் சீலிங்கில் ஈரம் படர்கிறது, பிறகு சொட்டுகிறது. வழக்குப் போட்டதும் ஆணையரும் ஒரு பொறியாளரும் வந்து பார்க்கிறார்கள். மேலே தண்ணீர் விட்டுப் பார்த்தால் நடுத்தளத்தில் தேங்குகிறது. வாட்டம் வடக்கே சரிகிறது, மழைநீர்க் குழாயோ தெற்கு மூலையில் இருக்கிறது. தட்டோட்டின் இணைப்புகள் விட்டிருக்கின்றன. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் கலவை வளைத்துப் பூசப்படவில்லை. இனி கேள்விகள் தொடங்கும். வாட்டம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் இருந்ததா? பெரும்பாலும் இருக்காது, அனுமதிக்காக வரைந்த தாளில் அறை அளவுகளும் செட்பேக்கும்தான் இருக்கும். குழாயைத் தெற்கே மாற்றச் சொன்னது யார்? மாடிப்படிக்கு மேலே பின்னால் ஓர் அறை எழுப்பியது யார்? தளத்துக்குத் தண்ணீர் விடும் வேலை லேபர் கான்ட்ராக்டில் யாருடையது? பதில் சொல்ல யாரிடமும் தாள் இல்லை.

ஏனெனில் இங்கே ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதிய ஒரு பக்கக் கொட்டேஷன். ‘தரமான கம்பி, நல்ல சிமென்ட்’ என்று அதில் இருக்கும். ரீடிங் குழாய் என்று பெயரெழுதிக் கேட்டவருக்கே நியூயார்க்கில் ஈடு கிடைக்கவில்லை. ‘தரமான’ என்று எழுதியவர் எதைக் காட்டி வாதாடுவார்? கான்கிரீட் எம்20 தரம், கம்பியின் கனம், தூண்களின் அளவு, பணம் தரும் கட்டங்கள், பழுதுக்கான பொறுப்புக் காலம், மாற்றம் சொன்னால் அதை எழுதிக் கையெழுத்திடும் முறை ஆகியவை இருந்தால் வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் பொறியாளர் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்க்கிறாரே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அவர் பார்ப்பது கொடுத்த பணத்துக்கு வேலை ஏறியிருக்கிறதா என்பதை.

வரைந்தவர் பக்கமும் பிடி தளர்வாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம், பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்வதைத்தான் தடுக்கிறது, வடிவமைப்பு வேலை செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்ட இணையத்தில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் கையூட்டும் குறைகின்றன என்பதில் மகிழ்ச்சிதான். அதே சமயம் ஹாம்லின் நம்பியிருந்த ஆய்வாளர் இந்த வீடுகளுக்கு வரவே மாட்டார். ஆய்வை விலக்கும் அரசு, அந்த இடத்தில் வேறொரு பொறுப்பாளரை நிறுத்த வேண்டும். விண்ணப்பத்திலேயே கட்டமைப்பு வடிவமைத்தவரின் பெயரும் கட்டுபவரின் பெயரும் பதிவாகி, ரெராவில் உள்ள அதே ஐந்தாண்டுப் பொறுப்பு இவர்களுக்கும் பொருந்தும் என்று விதி செய்தால், தனி வீட்டுக்காரருக்கு இன்று இல்லாத ஒரு பிடி கிடைக்கும். பிரான்ஸைப் போலக் கட்டாயக் காப்பீடு பிறகு வரலாம்.

அதுவரை வழக்கின் தலைவிதியைத் தீர்மானிப்பது ஆதாரம். ஒழுகலைப் பார்த்ததும் ஆள் கூப்பிட்டு ரசாயனம் பூசி அடைத்துவிடுகிறார்கள். அடைத்த பிறகு ஆணையர் பார்க்க ஒன்றும் இல்லை. முதலில் தேதியோடு படம் எடுக்க வேண்டும், கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் எழுத வேண்டும், சரிசெய்ய அவருக்கு நியாயமான கெடு கொடுக்க வேண்டும். அவர் வரவில்லை என்றால், எதிர்த்தரப்பைச் சாராத ஒரு பொறியாளரிடம் அறிக்கை வாங்க வேண்டும். கான்கிரீட்டில் சந்தேகம் இருந்தால் கோர் எடுத்து அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் சோதிக்கலாம். அறிக்கை ‘விரிசல் உள்ளது’ என்று மட்டும் சொன்னால் போதாது. விரிசலின் காரணம் மண்ணா, வரைபடமா, வேலையா என்றும், சரிசெய்ய இன்றைய விலையில் என்ன ஆகும் என்றும் அதில் இருக்க வேண்டும். காரணம் சொல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு வரைந்தவரையும் கட்டியவரையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. காரணம் உறுதியாகத் தெரியாத நிலையில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுவது நல்லது. இரண்டு ஆண்டுக் கெடு முடிந்த பிறகு விட்டுப்போனவரைச் சேர்க்கப் போனால், அந்தத் தாமதத்துக்கே தனியாகக் காரணம் காட்ட வேண்டிவரும்.